பொட்டு வைத்த கப்பி

லிப்ட் என்பது மனிதனை மேலே கொண்டுபோவதற்கும், போனவனைப் பத்திரமாகக் கீழே கொண்டுவருவதற்கும் ஏற்படுத்தப்பட்ட சாதனம். மந்தைவெளியில் இருக்கும் கோமளா அடுக்ககத்தின் லிப்ட் இந்த இரண்டு பொறுப்புகளிலிருந்தும் விலகி நெடுநாளாகிறது. முதலில் 'பழுது' என்று ஓர் அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டார்கள். அட்டை கிழிந்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் பலகை வந்தது. அது வெயிலில் வெளுத்தது. கடைசியில் சங்கச் செயலாளர் சுப்பராயன், பொதுப்பணம் வீணாகலாகாது என்ற நல்லெண்ணத்தில், சிவப்பு எனாமல் பெயிண்டால் கதவின் மேலேயே எழுதவைத்துவிட்டார். லிப்ட் போனாலும் எழுத்து போகாது என்று பெயிண்டர் உத்தரவாதம் கொடுத்தார்.

சுப்பராயனுக்கு எழுபது வயது. குடியிருப்பது நான்காம் மாடி. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வீடு போய்ச் சேருவார். சட்டை கசங்கியிருக்காது, மூச்சு வாங்காது. அவர் படியேறுவதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, ஏனென்றால் அவர் எழுந்திருக்கும் நேரத்துக்கு ஊரில் யாரும் எழுந்திருப்பதில்லை. லிப்டைச் சரிபண்ணச் சொல்லி யாராவது வாயைத் திறந்தால், "நான் ஏறலையா? பழக்கம்தான், எல்லாம் பழக்கம்" என்பார். இப்படிச் சொல்கிறவரை என்ன செய்வீர்கள்? கும்பிட்டுவிட்டுப் படியேற வேண்டியதுதான்.

அதோடு விட்டாரா? 'படியேறுவோம்' என்று ஒரு வாட்ஸப் குழுவையும் ஆரம்பித்தார். குடியிருப்போர் எல்லாரும் மணிக்கட்டில் ஆளுக்கொரு கறுப்புக் கடிகாரம் கட்டிக்கொண்டு, அன்றன்றைக்கு எத்தனை படி ஏறினோம் என்று குழுவில் போட ஆரம்பித்தார்கள். அடையாறில் பெரிய பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாம் படிதான் ஏறுகிறார்களாம், லிப்டில் போவது இப்போது கொஞ்சம் கௌரவக் குறைவாம். இதைக் கேட்டபிறகு, லிப்ட் பழுதானது ஏதோ தங்கள் யோசனைதான் என்பதுபோல எல்லாரும் நடந்துகொண்டார்கள்.

இந்தப் பெருமையில் பங்கெடுக்க முடியாதவள் மூன்றாம் மாடி சரோஜாதேவி ஒருத்திதான்.

அவள் கணவர் சுயம்புலிங்கம் தி.நகர் ரங்கநாதன் தெருவில், ஓர் ஆள் நின்றால் அடைத்துக்கொள்ளும் அகலத்தில் இன்ஸ்கர்ட் கடை வைத்திருக்கிறார். கடை எட்டு மணிக்கே சாத்திவிட்ட நாளிலும் ஒன்பதரைக்குத்தான் வீட்டுக்குள் நுழைவார். நுழையும்போது நாய் மாதிரி மூச்சிரைக்கும். மகன் அஸ்வின் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான், மிச்ச நேரமெல்லாம் அடையாறு ஜிம்மில் கிடக்கிறான். சரோஜாதேவி வீட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைக்கிறாள். அந்த மாவு திருவல்லிக்கேணியில் மேன்ஷன் பையன்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸுக்குப் போகிறது. விடியற்காலை ஐந்தேகாலுக்கு ஆட்டோக்கார ஜான் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும்போது மாவு டிரம் கீழே தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெஸ்காரர் பாக்கெட் மாவுக்குப் போய்விடுவார். பாக்கெட்டுக்குப் போனவர் எவரும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆகவே மாவு கீழே போகணும், அரிசி மேலே வரணும். அவளுடைய பிழைப்பு அவ்வளவுதான். நடுவில் மூன்று மாடிப் படியும் அவளுடைய இரண்டு முட்டிகளும் இருந்தன. ஒருநாள் இருபத்தைந்து கிலோ அரிசிப் பையை இழுத்துக்கொண்டு வந்தவள், இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த வழியாக வந்த வஜீஹா, இரண்டாம் மாடிக்காரி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மத்தியானத்துல கொஞ்சம் கிரைண்டர் போடாதீங்கக்கா, கொர்ருன்னு சுவரெல்லாம் அதிருது, குழந்தை தூங்க மாட்டேங்குது" என்றாள்.

"மத்தியானம் நான் எங்கம்மா கிரைண்டர் போடறேன்?" என்றாள் சரோஜாதேவி, அழுகையை நிறுத்திவிட்டு.

"அப்ப வேற யாராவதா இருக்கும்" என்று வஜீஹா போய்விட்டாள்.

மறுநாள் சரோஜாதேவி மார்க்கெட் பக்கம் இருக்கும் பீர் முஹம்மது ஹார்ட்வேர் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் கிணற்றுக் கப்பி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதை பால்கனியில மாட்டுங்க. கூடைய மேல தூக்குறதுக்குப் பதிலா கயித்தைக் கீழ இழுக்கலாம். உங்க உடம்பு பாரமே பாதி வேலைய பார்த்துக்கும்" என்றார். பிறகு இன்னொரு கப்பியை எடுத்து வைத்தார். "இதைக் கூடையிலயே மாட்டிட்டீங்கன்னா கைக்குப் பாதி கனம்தான் தெரியும். ஆனா கயிறு ரெண்டு மடங்கு இழுக்கணும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

அஸ்வின் பால்கனிச் சுவரில் இரும்புக் கொக்கி அடித்து, ஒரு கப்பியை மேலேயும் ஒன்றைக் கூடையிலும் மாட்டிக் கொடுத்தான். முதல் அரிசிப் பை அசைந்து அசைந்து மேலே வந்து பால்கனியில் உட்கார்ந்தபோது, சரோஜாதேவிக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. மகனைக் கூப்பிட்டு, "நீயும் ஜிம்முல கயிறுதான் இழுக்கிறியாமே?" என்றாள்.

"ஆமாம்மா. கேபிள் மெஷின்."

"இழுத்தா என்ன மேல வரும்?"

"இரும்புத் தட்டு. வெயிட்."

"வந்தப்புறம்?"

"மறுபடி கீழ விட்டுடுவோம்."

"அப்ப கடைசி வரைக்கும் ஒண்ணும் வந்து சேராதா?"

"சேராதும்மா. அதுதான் ஒர்க்கவுட்."

"இதுக்குக் காசு யாரு யாருக்குடா குடுக்கறது?"

"நாங்கதான் அவங்களுக்கு."

சரோஜாதேவி கயிற்றை எடுத்து மகன் கையில் கொடுத்தாள். "இந்தக் கயித்தை இழுத்துக் குடேன், சும்மாவே இழுக்கலாம், அரிசியும் வந்து சேரும்" என்றாள். அவனோ, "ரெண்டாவது கப்பி போட்டுட்ட. பாதி வெயிட்ல இழுத்தா மசில் ஏமாந்துடும்மா" என்று சொல்லிவிட்டுக் காசு கொடுத்து இழுக்கக் கிளம்பினான்.

கூடை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாவு இறங்கியது, அரிசி ஏறியது, ஜான் ஐந்தேகாலுக்கு வந்து ஐந்து இருபதுக்குக் கிளம்பினார். முட்டிகூட மரியாதையாக நடந்துகொள்ள ஆரம்பித்தது. இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. ஆனால் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜையன்று சரோஜாதேவி கிரைண்டருக்குப் பொட்டு வைத்தாள், மிக்ஸிக்கு வைத்தாள், அரிவாள்மணை, கத்திரிக்கோல், அஸ்வினின் பைக், சுயம்புலிங்கத்தின் முழக்கோல் எல்லாவற்றுக்கும் வைத்தாள். வைத்த பிறகும் கிண்ணத்தில் கொஞ்சம் சந்தனம் மீந்தது. குழைத்த சந்தனத்தைக் கொட்ட யாருக்காவது மனசு வருமா? ஃபேனுக்கு எட்டவில்லை. பால்கனிக்கு வந்தாள். கப்பி கண்ணில் பட்டது. மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், ஒரு துண்டுப் பூ. பார்க்கவே லட்சணமாக இருந்தது. அவள் செய்த பிழை இவ்வளவுதான்.

இந்த இடத்தில் செங்குத்துப் போக்குவரத்து ஒழுங்குமுறை அலுவலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் மேலும் கீழும் போகிற இயந்திரம் எதுவானாலும் இந்த அலுவலகத்தின் அனுமதியோடுதான் போக வேண்டும். ஆனால் ஜனங்கள் இயந்திரங்களை மறைத்துவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் தேடிப்பார்த்துச் சலித்துப்போன ஒரு மேலதிகாரிக்கு, அரசாங்கத்திடம் மறைக்கிறவன்கூட சரஸ்வதியிடம் மறைக்கமாட்டான் என்ற உண்மை திடீரென்று புலப்பட்டது. அன்றுமுதல் ஆயுத பூஜைக்கு மறுநாள் கள ஆய்வாளர்கள் எல்லாரையும் தெருவுக்கு அனுப்பி, பொட்டு வைத்த பொருள்களைக் கண்டுபிடித்து வரச் சொன்னார்கள். பொட்டு இருந்தால் இயந்திரம். இல்லாவிட்டால் இல்லை. சந்தனக் கணக்கெடுப்பு என்று இதற்குப் பெயர்.

மந்தைவெளிக்கு வந்தவர் ஆய்வாளர் ஜவஹர். தெருவிலிருந்தே அண்ணாந்து பார்த்தார், சந்தனம் தெரிந்தது. மூன்று மாடி ஏறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். மரியாதையான மனிதர்தான். குரலே உயரவில்லை.

"கீழே ஒரு லிப்ட் கதவு பார்த்தேன். அதில் பொட்டு இல்லை. ஆகவே அது இயந்திரம் அல்ல. இங்கே பொட்டு இருக்கிறது. சந்தனமும் புதியது. எனவே இயந்திரம் இயங்கு நிலையில் இருக்கிறது. சரிதானே?"

"சார், அது கப்பி" என்றாள் சரோஜாதேவி.

"கயிறு இருக்கிறது. உருளை இருக்கிறது. மேலும் கீழும் போகிறது. இதை எங்கள் அலுவலகம் லிப்ட் என்று சொல்லும். எவ்வளவு எடை ஏற்றுகிறீர்கள்?"

"இருபத்தஞ்சு கிலோ அரிசி."

"இழுக்கும்போது உங்கள் கைக்கு எவ்வளவு தெரியும்?"

"அதுல பாதிதான் சார். ரெண்டு கப்பி போட்டிருக்கோம்ல" என்றாள் அவள். பெருமையாகத்தான் சொன்னாள், பாவம்.

"மீதிப் பாதி?"

"மீதியா?"

"இருபத்தைந்து கிலோ மேலே வருகிறது. நீங்கள் பன்னிரண்டரை கிலோதான் இழுக்கிறீர்கள். மீதிப் பன்னிரண்டரை கிலோவை யார் இழுக்கிறார்கள்?"

சரோஜாதேவி யோசித்துப் பார்த்தாள். "அந்தக் கொக்கி தாங்குது சார்."

"கொக்கியை யார் தாங்குகிறார்கள்?"

"சுவரு."

"சுவர் யாருடையது?"

"அசோசியேஷனோடது."

"ஆக, பொதுச் சுவர் உங்கள் தனிப்பட்ட அரிசியைத் தினமும் தூக்குகிறது. சுவருக்குக் கூலி கொடுக்கிறீர்களா?"

"சுவருக்கா?"

"கூலி இல்லாமல் வேலை வாங்குவது குற்றம். சுவருக்கு என்ன வயது?"

"கட்டி முப்பது வருஷம் இருக்கும்."

"நல்லவேளை, பதினெட்டு தாண்டிவிட்டது" என்று ஜவஹர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "அந்தப் பிரிவில் வழக்கு வராது. அடுத்தது, மூன்று மாடி ஏற்றுவதற்கு எவ்வளவு கயிறு இழுக்கிறீர்கள்?"

இனிமேல் எதையும் சொல்லக்கூடாது என்று சரோஜாதேவிக்குத் தோன்றியது. ஆனால் வாய் பழக்கதோஷத்தில் உண்மையைச் சொல்லிவிட்டது. "ரெண்டு மடங்கு சார்."

"அதாவது ஆறு மாடி உயரம். இந்தக் கட்டிடத்துக்கு நான்கு மாடிக்குத்தான் அனுமதி. மீதி இரண்டு மாடிக் கயிறு அனுமதியற்ற கட்டுமானம்." அவர் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். "இடிக்கச் சொல்லலாம். ஆனால் இழுத்து முடித்ததும் கயிறு கீழே விழுந்துவிடுகிறது, தானாகவே இடித்துக்கொள்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். முறைப்படி லிப்ட் சான்றிதழ் வாங்கிவிடுங்கள் அம்மா. அதற்குச் சில வசதிகள் செய்ய வேண்டியிருக்கும்."

வசதிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு லிப்டிலும் பயணிகளுக்காக ஒரு மின்விசிறி இருக்க வேண்டும். கூடையில் பயணிகள் ஏற மாட்டார்களே என்று அவள் கேட்டாள். ஏறாத பயணிகளுக்கும் காற்று வேண்டும் என்று ஜவஹர் விளக்கினார். விளக்கு வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் அழுத்துவதற்கு ஓர் அபாய மணி வேண்டும். 'அதிகபட்சம் பூஜ்யம் நபர்கள்' என்று பித்தளைத் தகடு வேண்டும். எல்லாவற்றையும் தாங்குவதற்குக் கூடை போதவில்லை. இரும்புக் கூண்டு வந்தது. கூண்டு ஆடக்கூடாதென்று அடியில் ஓர் இரும்புப் பலகை வந்தது. பீர் முஹம்மதுவின் இரண்டாவது கப்பி கஷ்டப்பட்டுக் குறைத்துக் கொடுத்த கனம் முழுவதையும் விதிமுறைகள் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தன. கடைசியில் அவள் கையில் முன்பைவிடக் கூடுதலாகவே கனத்தது.

அஸ்வின் ஒருநாள் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்பதாம்மா கரெக்டான வெயிட்" என்றான். சரோஜாதேவி கையில் இருந்த கரண்டியை ஓங்கினாள்.

அபாய மணி வேறு தன் பங்குக்குப் படுத்தியது. இட்லி மாவு என்றால் விடியற்காலையில் பொங்கத்தானே செய்யும்? பொங்கிய மாவு டிரம் மூடியைத் தூக்கி, மூடி போய் மணியை அழுத்தி, ட்ரிங் ட்ரிங்கென்று தெருவே எழுந்துவிட்டது. கீழே ஆட்டோவில் உட்கார்ந்திருந்த ஜான் அண்ணாந்து பார்த்து, "இன்னாக்கா, மாவு கூப்ட்டுகினு கீது, இன்னான்னு கேளு" என்றார்.

சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு பால்கனியில் மாட்டியாயிற்று. அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தாள். மறுநாள் ஜவஹர் மறுபடி படியேறி வந்து, ஒரு காக்கிச் சட்டையையும் ஒரு ஸ்டூலையும் கொடுத்தார். சான்றிதழ் பெற்ற லிப்டுக்கு இயக்குநர் ஒருவர் இருக்க வேண்டும். வேறு யாரும் முன்வராததால் சரோஜாதேவியே இயக்குநராக நியமிக்கப்பட்டாள். இயக்குநர் பணி நேரம் காலை பத்து மணிமுதல் மாலை ஐந்தேமுக்கால் வரை. நடுவில் உணவு இடைவேளை. அந்த நேரத்துக்கு வெளியே லிப்ட் ஓடினால் சான்றிதழ் ரத்து, கப்பி பறிமுதல்.

"சார், மாவு அஞ்சேகாலுக்குப் போகணும்."

"மாலை ஐந்தேகாலுக்குத் தாராளமாகப் போகலாமே."

"காலையில சார். இட்லி காலையிலதான் சாப்பிடுவாங்க."

"அது உணவுத் துறை" என்றார் ஜவஹர்.

அவ்வளவுதான். பால்கனியில் ஃபேனும் லைட்டும் கண்ணாடியுமாக அரசு அங்கீகாரம் பெற்ற லிப்ட் ஆடிக்கொண்டிருக்க, அதன் இயக்குநர் விடியற்காலையில் மாவு டிரம்மை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். முட்டி மறுபடி வீங்கியது. ஒருநாள் தாமதமானது, மறுநாள் இன்னும் தாமதமானது. மூன்றாவது நாள் ஜான் டிரம்மை வாங்கிக்கொண்டே, "அக்கா, தப்பா நினைச்சுக்காதே. மெஸ்காரரு பாக்கெட் மாவு கம்பெனிக்காரனோட பேசிகினு இருந்தாரு. நான் பார்த்தேன்" என்றார். சரோஜாதேவி மாவை அனுப்பிவிட்டு, ஆபீஸ் திறக்கும் நேரத்துக்கு நேராகப் பஸ் ஏறினாள்.

செங்குத்துப் போக்குவரத்து அலுவலகம் தேனாம்பேட்டையில் ஒரு கட்டிடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தது. கீழே லிப்ட் கதவில் பெரிதாக 'பழுது' என்று எழுதியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் அலுவலகத்தைத் திட்டிக்கொண்டு, ஏறிப்போனாள். ஜவஹரும் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"லிப்டுக்கெல்லாம் அனுமதி குடுக்கிற ஆபீஸ்லயே லிப்ட் பழுதா சார்?" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

"ஆமாம் அம்மா."

"அதை நீங்க கேக்க மாட்டீங்களா?"

"நாங்கள் எப்படிக் கேட்க முடியும்? எங்கள் அதிகாரம் இயங்கும் லிப்டுகளுக்கு மட்டும்தான். பழுதான லிப்ட் இயங்குவதில்லை. இயங்காததற்கு விசிறி வேண்டாம், மணி வேண்டாம், இயக்குநர் வேண்டாம். யாரும் வந்து பார்க்கவும் மாட்டார்கள்." இதைச் சொல்லும்போது ஜவஹர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரோஜாதேவி எதையோ கேட்க வந்தவள் நிறுத்திக்கொண்டாள். "அப்ப என் கூடை பழுதாயிடுச்சுன்னா சார்?"

"பழுதானால் நாங்கள் ஏன் வரப்போகிறோம்?" என்றார் அவர்.

வழியில் பீர் முஹம்மது கடையில் இறங்கி ஒரு சின்ன டப்பா சிவப்பு எனாமல் வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் கூண்டைக் கழற்றினாள். ஃபேனை ஹாலில் வைத்துக்கொண்டாள், நல்ல காற்று. கண்ணாடி பாத்ரூமுக்குப் போனது. காக்கிச் சட்டையை அஸ்வின் ஜிம்முக்குப் போட்டுக்கொண்டு போனான். பழைய கூடையை மறுபடி மாட்டி, அதன்மேல் ஒரு பலகை கட்டி, 'பழுது' என்று பெரிதாக எழுதினாள்.

மறுநாள் விடியற்காலையில் பழுதான கூடை சரசரவென்று இறங்கியது. ஜான் பலகையைப் படித்துவிட்டு, "அக்கா, பழுதுன்னு போட்டுகீது?" என்றார்.

"ஆமா ஜான். அதான் ஓடுது" என்றாள் சரோஜாதேவி.

மெஸ்ஸும் போகவில்லை, முட்டியும் தப்பித்தது. ஆனால் அன்றைக்கு முழுக்க அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அவள் எழுதிய எழுத்தும் கீழே லிப்ட் கதவில் இருக்கும் எழுத்தும் ஒரே நிறம். ஒரே சிவப்பு எனாமல். தன் பலகையே பொய் என்றால், மற்ற பலகை மட்டும் அரிச்சந்திரனா என்று ஒரு யோசனை வந்து உட்கார்ந்துகொண்டு போகவே மாட்டேனென்றது. கடைசியில் அடுத்த நாள் ஐந்து மணிக்கு முன்பே கீழே இறங்கிப்போய், இத்தனை வருஷமாக ஒருத்தரும் தொடாத அந்தப் பட்டனை அழுத்திப் பார்த்தாள்.

கொர்ரென்று கிரைண்டர் மாதிரி ஒரு சத்தம் வந்தது. விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. உள்ளே, மேலே கிளம்பிய லிப்ட் பாதி வழியில் திரும்பி இறங்கிவிட்ட திகைப்போடு, இரண்டு கையிலும் காய்கறிப் பையுமாகச் சுப்பராயன் நின்றுகொண்டிருந்தார்.

அவர் இரண்டு பைகளையும் மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"படியேறித்தானே சார் போவீங்க?" என்றாள் சரோஜாதேவி.

"சத்தம் போடாதீங்க" என்றார் அவர், பாவமாக. "உள்ள வாங்க, சொல்றேன். பல வருஷம் முன்னாடி அதே ஆபீஸ்காரங்க வந்து, விசிறி வை, மணி வை, ஆள் வைன்னு உயிரை எடுத்தாங்க. பழுதுன்னு எழுதித் தொங்கவிட்டேன், போயிட்டாங்க. மறுநாள் எல்லார்கிட்டயும் விஷயத்தைச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். காலையில வந்து பார்த்தா, எல்லாரும் போர்டைப் படிச்சிட்டு வரிசையா படியேறிப் போறாங்க. ஒருத்தராவது பட்டனை அமுக்கிப் பார்த்திருக்க வேண்டாமா? நான் என்ன பண்ணட்டும்?"

சரோஜாதேவிக்கு அவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. அரிசிப் பையோடு படியில் உட்கார்ந்து அழுத நாள் ஞாபகம் வந்தது. கண்ணில் நீர்கூட வந்தது. ஆனால் லிப்ட் அதற்குள் அவளை மூன்றாம் மாடியில் கொண்டுவந்து, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இறக்கிவிட்டது. முட்டிக்கு அந்த சுகம் புரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

"இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயமா இருக்கட்டும்" என்றார் சுப்பராயன். "ஊருக்குத் தெரிஞ்சா ஆபீசுக்குத் தெரியும், ரெண்டு பேரோட கதையும் முடிஞ்சுது. அஞ்சு மணியிலேருந்து அஞ்சரை வரைக்கும் உங்க நேரம். மத்த நேரத்துல பக்கத்துல வராதீங்க."

அன்றுமுதல் மாவு டிரம் ராஜாத்தி மாதிரி லிப்டில் இறங்கியது. பார்க்கிறவர்கள் கண்ணுக்காகப் பழுதான கூடையும் அவ்வப்போது ஒரு முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு போய்வந்தது. 'படியேறுவோம்' குழுவில் சரோஜாதேவியும் சேர்ந்தாள். கறுப்புக் கடிகாரத்தைக் கிரைண்டரில் கட்டிவிட்டால் படிக்கணக்கு பிரமாதமாக ஏறியது. சங்கக் கூட்டத்தில் யாரோ லிப்ட் பேச்சை எடுத்தபோது, அவளே எழுந்து, "முட்டிக்குப் படிதாங்க நல்லது. என்னைப் பாருங்க. எல்லாம் பழக்கம்" என்றாள். கைதட்டினார்கள். வஜீஹா எல்லாரையும்விட நன்றாகத் தட்டினாள்.

மறுபடி ஆயுத பூஜை வந்தது. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள், கப்பிக்கு மட்டும் வைக்கவில்லை. அந்தப் பாடம் போதும். இந்த வருஷமும் கொஞ்சம் சந்தனம் மீந்தது. தன்னைச் சுமந்த லிப்டை மறந்துவிட்டால் பாவம் என்று தோன்றியது. சந்தனக் கணக்கெடுப்புக்காரர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைக்கலாமென்று, தன் நேரத்தில் கிண்ணத்தோடு லிப்டுக்குள் போனாள். பட்டன் பலகைக்குக் கீழே, தரையை ஒட்டி, குனிந்தால் ஒழியத் தெரியாத ஒரு மூலை இருந்தது. குனிந்தாள்.

அங்கே இடமே இல்லை.

காய்ந்த சந்தனப் பொட்டு, ஈரச் சந்தனப் பொட்டு, ஒரு விபூதிப் பட்டை, ஒரு சின்ன நாமம், ஒரு சிலுவை ஸ்டிக்கர், 786 என்று வஜீஹா வீட்டுக் கதவில் இருக்கிற அதே பச்சை ஸ்டிக்கர். அடுக்ககத்தில் எத்தனை வீடோ அத்தனை அடையாளம். சுப்பராயன் ஒவ்வொருவரிடமும், உங்களுக்கும் எனக்கும் மட்டும் என்று சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் கொடுத்திருக்கிறார். படியில் மூச்சிரைத்துக் காட்டி, குழுவில் கணக்குப் போட்டு, அவள் அழுதபோது தண்ணீர் கொடுத்து, மத்தியானத்து லிப்ட் சத்தத்துக்கு அவள் கிரைண்டரைப் பழி சொல்லி, எல்லாரும் இதில்தான் போய்வந்திருக்கிறார்கள். அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்று நிமிரப்போனாள். அப்போதுதான் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

'சுயம்பு இன்ஸ்கர்ட் சென்டர், ரங்கநாதன் தெரு' என்று ஒரு ஸ்டிக்கர். அதன்மேல் பழைய பொட்டு ஒன்று, புதுப் பொட்டு ஒன்று. பக்கத்திலேயே அடையாறு ஜிம் ஸ்டிக்கர். கடையை எட்டுக்கே சாத்தினாலும் கணவர் ஒன்பதரைக்குத்தான் வீடு வந்ததன் அர்த்தம் அவளுக்கு அங்கே குனிந்தபடியே விளங்கியது. அவள் மூன்று மாடி அரிசி சுமந்த காலம் பூராவும் அப்பனும் பிள்ளையும் ஆளுக்கொரு நேரம் வாங்கிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

ஐந்தரை ஆகப்போகிறது, அடுத்தவர் நேரம் வந்துவிடும். கத்தினால் லிப்ட் போய்விடும். பிறகு மாவு? இரண்டு ஸ்டிக்கருக்கும் கீழே விரலளவு இடம் இருந்தது. தன் பொட்டை அங்கே வைத்துவிட்டு எழுந்தாள்.

இரவு ஒன்பதரைக்கு சுயம்புலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டபடி உள்ளே வந்தார். பின்னாலேயே ஜிம்மிலிருந்து வந்த அஸ்வின், தொடையில் கைவைத்துக் குனிந்து நின்றான். சரோஜாதேவி வீட்டு வாசலில் தயாராக நின்றுகொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் அவளும் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஆரம்பித்தாள்.

"நீயும் இப்பதான் ஏறி வந்தியா?" என்றார் சுயம்புலிங்கம்.

"ஆமாங்க" என்றாள் அவள். "பாவம், நீங்க ரெண்டு பேரும் தினமும் எப்படித்தான் ஏறி வர்றீங்களோ."

"எல்லாம் பழக்கம்" என்றார்கள் அப்பாவும் மகனும் ஒன்றாக. பிறகு மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சோறு ஆறும்வரை மூச்சு வாங்கினார்கள்.